மூன்று முறை மூச்சு விடவும்

காலை எட்டு மணிக்கு எங்கள் வானொலி நிலையத்து வாசலில் நின்று பார்த்திருந்தால், ஊரில் ஒருவருக்கும் வேலைவெட்டி இல்லை என்று முடிவு கட்டியிருப்பீர்கள். கேட்டிலிருந்து தபால் நிலையத் திருப்பம் வரைக்கும் வரிசை. கணக்கு வாத்தியார் நின்றார். பல் மருத்துவர் நின்றார். அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ள வேண்டியவர் கன்னத்தைப் பிடித்தபடி அவருக்குப் பின்னாலேயே நின்றார். எல்லார் கையிலும் ஆளுக்கொரு முழம் நூல். எதற்கு நூல்? பலூன் கட்டுவதற்கு. எதற்குப் பலூன்? அதற்குள்தான் மூச்சு ஐயாவின் மூச்சு இருக்கிறது.

சிரிக்காதீர்கள். நானும் அப்போது சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டியவன்தான். ஆனால் அந்தக் கூத்து முழுக்க என் நிகழ்ச்சியில் அல்லவா நடந்தது!

அந்த நிலையத்தில் நான் பதினான்கு வருஷமாக அறிவிப்பாளன். மக்கள் வரிப்பணத்தில் ஓடுகிற வானொலி, விளம்பரம் கிடையாது. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை 'சொல்லுங்க, கேக்குறோம்' என்று நேரடி நிகழ்ச்சி. ஊரார் தொலைபேசியில் பேசுவார்கள். பஸ்ஸில் மூக்குக் கண்ணாடியை விட்டவர் பேசுவார். தையல் மிஷின் விற்கிறவர் பேசுவார். ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்று ஒரு குரல் வந்தால், அரை மணி நேரத்தில் ஆறு பேர் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓர் அம்மா செவ்வாய்தோறும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் புகார் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் புதன்தோறும் பதில் சொல்வார். நாயின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று நேயர்கள் கடிதம் எழுதியதால், ஒரு வியாழக்கிழமை நாயும் பேசியது.

அழைப்பவர்களை நேரே ஒலிபரப்புக்குள் விடமாட்டோம். முதலில் தொலைபேசி அறையில் எடுப்பார்கள். யார், எந்தத் தெரு, என்ன விஷயம் என்று கேட்டுச் சின்னச் சீட்டில் குறிப்பார்கள். "ரேடியோ சத்தத்தக் கொறைச்சு வையுங்க" என்பார்கள். சீட்டு என் மேசைக்கு வரும். நேயர் தன் முறைக்கு ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ காத்திருப்பார். எல்லா ஊர் வானொலியிலும் இப்படித்தான்.

மூச்சு ஐயா வந்தது தற்செயல். மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச ஒரு மருத்துவரைக் கூப்பிட்டிருந்தோம். மருத்துவருக்கு இருமல். எங்கள் நிலைய இயக்குநர் அம்மா அவசரத்துக்கு எங்கிருந்தோ ஓர் ஆளைப் பிடித்து வந்தார். வாட்டசாட்டமான ஆள். நெஞ்சு அகலம் நம் வீட்டுக் கதவைவிட அதிகம். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஸ்டூடியோவுக்குள் ஜன்னலே கிடையாது, வெயில் எங்கிருந்து வரும்? ஆனாலும் அவர் கழற்றவில்லை. "பார்வை வெளிய போனா மூச்சு உள்ள வராது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கூடவே ஒரு சீடர். ஒல்லியாக, நடந்தால் செருப்புச் சத்தம்கூடக் கேட்காத ஆள். ஐயாவுக்கு அடிக்கடி வெந்நீர் கொண்டுவருவதுதான் அவர் வேலை என்பதால் நான் அவருக்கு டம்ளர் என்று பெயர் வைத்திருந்தேன். அன்றைக்கு எங்கள் தொலைபேசிக்காரர் விடுப்பு. "நான் பாத்துக்கறேன் சார், சும்மாதானே இருக்கேன்" என்று டம்ளர் போய்த் தொலைபேசி அறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் தொலைபேசிக்காரரைப் பழைய ஒலிநாடா அறைக்குத் தூசி தட்ட அனுப்பிவிட்டார்கள். அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

முதல் அழைப்பிலேயே அதிசயம். யாரோ ஓர் அம்மா. பயத்தில் பேச்சு வரவில்லை. ஹூம் ஹூம் என்று மூச்சு மட்டும் கேட்டது. நான் பாட்டுப் போடலாமா என்று யோசித்தேன். ஐயா கையை உயர்த்தினார்.

"பேச வேணாம்மா. உங்க மூச்சே பேசுது. வலது முழங்கால் வலி. ரெண்டு வருஷமா. வீட்ல பின்கதவு கிறீச்சுங்குது. நாத்தனாரோட பேச்சுவார்த்தை இல்ல."

அந்த முனையில் ஓர் அலறல். "ஐயய்யோ! அப்படியே புட்டுப் புட்டு வைக்கிறாரே!"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மூக்குக் கண்ணாடி, தையல் மிஷின், நாய் எல்லாவற்றுக்கும் விடுமுறை. இயக்குநர் அம்மா நிகழ்ச்சியை ஐயாவுக்கு முழுசாகத் தூக்கிக் கொடுத்தார். நிகழ்ச்சியில் என் பங்கு ஒரே ஒரு வாக்கியமாகச் சுருங்கியது. "அன்பான நேயரே, பேச வேண்டாம், மூன்று முறை மூச்சு விடவும்." பதினான்கு வருஷத்து அனுபவம், திருத்தமான உச்சரிப்பு, எல்லாம் இதற்கு!

ஊரே வானொலியில் மூச்சு விட்டது. புஸ், புஸ், புஸ். அடுத்த நேயர், ஹா, ஹா, ஹா. ஐயா கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, அல்லது மூடிக்கொண்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேசையைப் பார்த்தபடி புட்டுப் புட்டு வைப்பார். ஒவ்வொரு நேயருக்கு முன்னாலும் டம்ளர் பூனை மாதிரி வந்து ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துவிட்டுப் போவார். மேசை நனையக் கூடாதென்று அடியில் ஒரு துண்டுக் காகிதமும் வைப்பார். அப்படியொரு சுத்தமான மனிதர் என்று நான் மனசுக்குள் பாராட்டியதுண்டு. சீட்டுகள் மட்டும் என்னிடம் வருவது நின்றுவிட்டது. கேட்டதற்கு, "யாருன்னு தெரிஞ்சா உங்க மனசு அலையும் சார். உங்க மனசு அலைஞ்சா அவங்க மூச்சு கலையும்" என்றார். நான் அலையாமல் உட்கார்ந்திருந்தேன். ஐயா ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு டம்ளர் குடித்துவிட்டு, ஒன்பது அடித்ததும் கழிவறைக்கு ஓடுவார். மகான்களுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே என்று இயக்குநர் அம்மா உருகினார்.

ஆனால் வானொலியில் வியாபாரம் பேசக் கூடாது. அதை ஐயா மதித்தார். நிகழ்ச்சி முடிவில் "என் மூச்சு வாசலில் காத்திருக்கிறது" என்று மட்டும் சொல்வார். வாசலில் கூடாரம். கூடாரத்தில் பலூன். ஒவ்வொன்றும் ஐயா தம் வாயால் ஊதியது. வாங்கிக்கொண்டு போய் வீட்டு வாசலில் கட்ட வேண்டும். கஷ்டம் உள்ளே வராது. நான்கு நாளில் பலூன் சுருங்கிவிடும். சுருங்கினால்?

"உங்க கஷ்டத்த அது வாங்கிக்கிச்சு. அதான் சோர்ந்து போச்சு. புதுசு வாங்குங்க" என்றார் டம்ளர்.

உலகத்தில் எந்தப் பலூனும் நான்கு நாளில் சுருங்கும் என்பதை ஊரில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பலூன் சுருங்காத வீட்டுக்காரர்தான் கவலைப்பட்டார். "நம்ம கஷ்டம் அதுக்கே புடிக்கல போல" என்று கணக்கு வாத்தியார் என்னிடம் வருத்தப்பட்டார். பள்ளியில் அவர் நடத்துகிற பாடம் கணக்கு. அதை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன்.

இந்த மூச்சு மும்முரத்தில் கடைத்தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பழைய நாளாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் யாராவது நிகழ்ச்சியில் சொல்லியிருப்பார்கள். இப்போது இணைப்பு கிடைக்கவில்லை. உள்ளே எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் தண்ணீர் ஓடியது. பஸ் நிறுத்தத்தை இடம் மாற்றியதும் யாருக்கும் தெரியவில்லை. பழைய இடத்தில் முழங்கால் தண்ணீரில், கையில் பலூனோடு, இல்லாத பஸ்ஸுக்கு நாற்பது பேர் நின்றார்கள்.

ஊர் எப்படியோ போகட்டும் என்று நான் இருந்திருப்பேன். வினை என் வீட்டுக்குள் வந்தது.

என் மகன் மளிகை மொத்தக் கடைக்கு வேன் ஓட்டுகிறான். அவன் வேனுக்கு மாசத்துக்கு எட்டுப் பஞ்சர். சாலை சரியில்லை என்று நான் நிகழ்ச்சியிலேயே நகராட்சியை இரண்டு தடவை வெளுத்து வாங்கியிருக்கிறேன். நகராட்சி பாவம். ஆணியை வாங்கி டயரில் குத்தியது இவன்தான். பஞ்சர் கடை நடத்துகிற பெண்ணைப் பார்ப்பதற்கு இவனுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெண் நான்காவது பஞ்சரிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "எட்டு ஆணியும் ஒரே சைஸ், ஒரே கடை. விஷயத்தச் சொல்லு" என்று எட்டாவதில் அவளே கேட்டிருக்கிறாள். எட்டாவது வரைக்கும் ஏன் பொறுத்தாள் என்று கேட்டால் மட்டும் சிரிக்கிறாள். எனக்கு அவளை முதல் நாளே பிடித்துவிட்டது.

என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. வெளியே சொல்ல ஒரு காரணமும் இல்லை. "கையெல்லாம் கிரீஸ்ங்க" என்றாள். "கழுவினா போயிடும்" என்றேன். "எல்லாத்துக்கும் உங்களுக்கு ஒரு பதில்" என்றாள். எங்கள் வீட்டு வாசலில் அப்போது ஒன்பது பலூன். தபால்காரர் பிறந்தநாள் வீடு என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலை ஸ்டூடியோவில் நான் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன். மூன்று மூச்சு வந்தது. இளம் மூச்சு, நிதானமான மூச்சு. ஐயா முகத்தைச் சுளித்தார்.

"இது ஒரு பொண்ணோட மூச்சு. கல்யாணப் பேச்சு நடக்குது. வேணாம். இது ஓட்டை மூச்சு. இது நுழையுற வீட்ல நாப்பது நாளுக்குள்ள ஆம்பளைங்க மூச்சு இறங்கிடும்."

தொலைபேசியில் இன்னொரு குரல் கேட்டது. "அப்பவே நெனச்சேன் ஐயா!"

அது என் மனைவியின் குரல். பூ வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரவழைத்து, தொலைபேசியை வாயருகே பிடித்து மூச்சு விடச் சொல்லியிருக்கிறாள். வயசில் பெரியவள் கேட்கிறாளே என்று அவளும் விட்டிருக்கிறாள். ஊர் முழுக்கக் கேட்டது. நான் ஐயாவுக்கு எதிரே இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். "அடுத்த நேயர்" என்று சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுதுகொண்டு வரவில்லை. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, ஒரு விஷயம் சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்க வாசல்ல தொங்குதே, அது ஐயாவோட மூச்சு இல்ல. எங்க கடை கம்ப்ரசர் காத்து. அந்த ஒல்லி ஆளு வாராவாரம் சாக்கு நெறையப் பலூன் கொண்டு வராரு. எங்க அப்பாதான் அடிச்சுக் கொடுக்கறாரு."

என் மனைவி அசரவில்லை. "ஐயா முன்னாடியே லேசா ஊதித்தான் அனுப்புவாரு. மிச்சத்த நீங்க நெறைச்சிருப்பீங்க."

"தட்டையா வருது அத்தை. பாக்கெட் பிரிக்காம வருது."

"பாக்கெட்டுக்கு வெளிய இருந்து ஊதியிருப்பாரு!"

இதற்கு மேல் என்ன பேசுவது? அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் இருமினேன். பெரிய அறிவிப்பாளன்! ஊருக்கெல்லாம் சொல்லுங்க சொல்லுங்க என்கிறவன், வீட்டில் கேட்டால் இருமுகிறேன். என் மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஐயாவை எதிர்த்தால் நிகழ்ச்சி போகும், வாயை மூடினால் மகன் வாழ்க்கை போகும். நான் இரண்டுக்கும் நடுவில் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனேன்.

"பரவாயில்ல அத்தை" என்று அவள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "அடுத்த வாரம் கடைப் பக்கம் வந்தா ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போங்க."

அடுத்த வியாழன். அன்றைக்குக் கடையில் நடந்ததை என் மனைவி இதுவரை நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள்; அதனால் எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். பத்தாவது பலூன் வாங்கக் கிளம்பியவளை மகன் வேனில் ஏற்றிக்கொண்டான். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டினான்.

"பஞ்சர்ம்மா. அஞ்சு நிமிஷம்."

"அதெப்படிடா கரெக்டா அவ கடை வாசல்லயே ஆகுது?"

"எனக்கும் அதுதாம்மா ஆச்சரியமா இருக்கு."

கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. டயரோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் மனைவி முக்காலியில் உட்கார்ந்து ஐயாவைக் கேட்க ஆரம்பித்தாள். மகன் கைபேசியோடு கடைக்குப் பின்னால் போனான். வானொலிக்குத்தான் பேசினான். எடுத்தவர் டம்ளர். காத்திருக்கும் நேரத்தில் டம்ளர் வழக்கம்போல் இனிக்க இனிக்க விசாரிக்க, இவனும் மனசு விட்டுப் பேசினான். மாமாவுக்காகக் கூப்பிடுவதாகச் சொன்னான். எண்பத்திரண்டு வயது, படுக்கை, பேச்சில்லை என்றான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லச் சொல்ல அவனுக்கு ருசி கண்டுவிட்டது. ஏணியிலிருந்து விழுந்தவர் என்றான். மூன்று மனைவி என்றான். இரண்டாவது மனைவிக்கு மட்டும் இன்னும் கோபம் தீரவில்லை என்றான். அந்த வீட்டில் சம்பந்தம் பேசுவதாகவும் சொன்னான்.

இது எதுவும் தெரியாமல் நான் ஸ்டூடியோவில் இருந்தேன். டம்ளர் வந்தார், வெந்நீரை வைத்தார், போனார். அன்றைக்கு அது ஏழாவது டம்ளர். நேயர் இணைப்பில் வந்துவிட்டார் என்று பச்சை விளக்கு எரிந்தது.

"அன்பான நேயரே, பேச வேண்டாம், மூன்று முறை மூச்சு விடவும்" என்றேன்.

கடையில் மகன் ரேடியோவை அணைத்தான். "ஏன்டா அணைச்ச, நல்ல கட்டம்டா!" என்று என் மனைவி எழுந்தாள். அவன் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைத்தான். அந்தப் பெண் காலை ஓங்கி மிதித்தாள்.

புஸ்ஸ்ஸ். புஸ்ஸ்ஸ். புஸ்ஸ்ஸ்.

ஸ்டூடியோவில் ஐயா சிலிர்த்துப் போனார். "ஆஹா. ஆஹா! என்ன ஒரு மூச்சு!"

நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இது பேச முடியாதவரோட மூச்சு. வயசு எண்பதத் தாண்டிடுச்சு. படுக்கையில இருக்காரு. உயரத்துலேர்ந்து விழுந்திருக்காரு. எனக்கு ஏதோ தெரியுது. மரமா? இல்ல. மாடியா? இல்ல. ஏணி! ஏணி தெரியுது!"

புஸ்ஸ்ஸ் என்றது மாமா.

"பாருங்க, ஆமாங்கறாரு. இது ஒரு வீட்டு மூச்சு இல்ல. மூணு வீட்டு மூச்சு. இவருக்கு மனைவி மூணு பேரு. ரெண்டு பேரு மன்னிச்சுட்டாங்க. நடுவுல உள்ளவங்கதான் இன்னும் முறுக்கிக்கிட்டு இருக்காங்க. அம்மா, நீங்களும் மன்னிச்சிருங்க. இப்படி ஒரு சுத்தமான மூச்ச என் வாழ்க்கையில கேட்டதில்ல."

அப்போது ஒரு பெண் குரல் பணிவாகக் கேட்டது. "ஐயா, இந்த மூச்சு இருக்குற வீட்ல பொண்ணு எடுக்கலாமுங்களா?"

"கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்! கொடுத்து வெச்சிருக்கணும்!"

எனக்கு அந்தக் குரல் தெரிந்தது. அடுத்து வந்த குரல் அதைவிட நன்றாகத் தெரிந்தது. முப்பது வருஷமாகத் தெரிந்த குரல்.

"யோவ்! அது பம்புய்யா!"

ஐயாவின் வாய் திறந்தபடி நின்றது.

"கால் பம்பு! நான் கண்ணால பாத்துக்கிட்டு நிக்கறேன். இவ மிதிக்கிறா, அது புஸ்ஸுங்குது. ஏணியும் இல்ல, மாமாவும் இல்ல. சைக்கிள் டியூப்தான்யா இருக்கு!"

பின்னணியில் ஏழெட்டுப் பேர் ஓவென்று சிரிப்பது கேட்டது. ஐயா சளைத்தவரா? குரலை இறக்கிக்கொண்டு, "அம்மா, அவசரப்படாதீங்க. பம்புக்குள்ள இருக்குறதும் காத்துதான். மிதிக்கிற காலோட உயிர்தான் அதுல மூச்சா வருது. நான் படிச்சது அந்தக் காலுக்கு உரியவரோட மூச்ச" என்றார்.

"ரொம்ப சரிங்கய்யா" என்றாள் அந்தப் பெண். "மிதிச்சது நான். எனக்கு வயசு இருபத்தாறு. அந்த மூணு பொண்டாட்டியும் எங்க இருக்காங்கன்னு சொன்னீங்கன்னா நல்லாருக்கும். இன்னொண்ணு. போன வாரம் இதே நான் என் வாயால மூச்சு விட்டேன், ஓட்டைன்னீங்க. இன்னிக்குக் காலால விட்டேன், சுத்தம்ங்கறீங்க. எது ஐயா நெசம்?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இயக்குநர் அம்மா இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினார். வெட்டு, வெட்டு, இசையைப் போடு. என் விரல் இசைப் பொத்தான் மேல்தான் இருந்தது. எத்தனையோ தடவை அமுக்கிய பொத்தான். போன வாரம் என் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாளே, அது நினைவுக்கு வந்தது. விரலை எடுத்தேன்.

எடுத்த கை சும்மா இருக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத் தெரியாது; ஐயா குடித்து வைத்த ஏழாவது டம்ளரைத் தூக்கினேன். அடியில் இருந்த துண்டுக் காகிதம் ஈரத்தில் டம்ளரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் நிலையத்துச் சீட்டு! பதினான்கு வருஷமாக என் மேசைக்கு வந்த அதே சீட்டு. திருத்தமான உச்சரிப்பில் வாசித்தேன்.

"வேன் ஓட்டுநர். மாமாவுக்காக அழைக்கிறார். வயது எண்பத்திரண்டு. படுக்கை, பேச்சில்லை. ஏணியிலிருந்து விழுந்தவர். மனைவி மூன்று, இரண்டாவது மனைவி கோபம். சம்பந்தம் பேசுகிறார்கள். நல்லதாகச் சொல்லவும்."

மேசையில் இன்னும் ஆறு டம்ளர் இருந்தன. அவற்றின் சீட்டுகளை நான் வாசிக்கவில்லை. ஊரில் குடும்பங்கள் நடக்க வேண்டும்.

இவ்வளவுதான் வித்தை. காத்திருக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் நம் ஜனங்கள் டம்ளரிடம் சொல்லாதது இல்லை. முழங்கால், பின்கதவு, நாத்தனார், பிடிக்காத மருமகள், எல்லாவற்றையும் அவர்களே கொட்டினார்கள். ஆனால் ஒலிபரப்பில் வந்தால்தான் அது பேச்சு என்பது அவர்கள் எண்ணம். தொலைபேசி அறையில் சொன்னது கணக்கில் சேராது. தாங்கள் கொடுத்ததையே ஐந்து நிமிஷம் கழித்து ஐயா திருப்பிக் கொடுத்தபோது, "எப்படித்தான் தெரிஞ்சுதோ!" என்று வாயைப் பிளந்தார்கள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து பிளந்தவன் நான்.

ஐயா எழுந்தார். ஏழு டம்ளர் வெந்நீர் உள்ளே போயிருந்தது. தத்துவம் பேச நேரமில்லை. கழிவறைப் பக்கம் ஓடினார். வாசல் கூட்டம் ஆளுக்கொரு ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே திமுதிமுவென்று வந்தது. ஐயா உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். பின்வாசல் வழியாக நழுவப் பார்த்த டம்ளர், பலூன் சாக்கை விட மனசில்லாமல் அதோடு கதவிடுக்கில் மாட்டிக்கொண்டார். சாக்குக்குள் பட்பட்டென்று ஐயாவின் மூச்சு நின்றுகொண்டிருந்தது. விசாரிக்க வந்த காவலர், முதல் வேலையாகத் தம் மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த பலூனை யாரும் பார்க்காத மாதிரி அவிழ்த்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார். அப்புறம்தான் கழிவறைக் கதவைத் தட்டி, "உள்ள யாரு? மூச்சுக் காட்டாம வெளிய வா" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஊர் மாறிவிட்டது. இப்போது யாரைக் கேட்டாலும், "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்கிறார்கள். இயக்குநர் அம்மா அப்பவே சந்தேகப்பட்டாராம். கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டாராம். மூச்சு ஐயாவை நம்பிய ஆள் ஒருத்தர்கூட எங்கள் ஊரில் இருந்ததில்லை. அந்த வரிசையில் நின்றதெல்லாம் வேறு ஊர்க்காரர்கள் போலிருக்கிறது.

என் மனைவியை மட்டும் சொல்ல வேண்டும். அவள் அப்படிச் சொல்லவில்லை. கடையிலேயே அந்தப் பெண்ணின் கையை, கிரீஸோடு, பிடித்துக்கொண்டு, "நான்தான் போன் எடுத்த ஆளுகிட்ட உன்னப் பிடிக்கலைன்னு சொன்னேன். அதத்தான் அந்த மூச்சுக்காரன் உன் மூச்சுன்னு சொன்னான். தப்பு என்னோடது" என்றிருக்கிறாள். கல்யாணம் நிச்சயமானது. தேதியை யார் மூச்சையும் கேட்காமல், வேனுக்கு லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்து வைத்தோம். நிகழ்ச்சியில் தையல் மிஷினும் நாயும் திரும்பி வந்தன.

இதோடு சுபம் போட்டிருப்பேன். விட்டார்களா?

அடுத்த திங்கட்கிழமை பஞ்சர் கடை வாசலில் வரிசை. நான் நகராட்சி குழாய் தோண்டுகிறதோ என்று நினைத்தேன். இல்லை. பம்பைப் பார்க்க வந்திருக்கிறார்கள்! பெரிய சாமர்த்தியக்காரனையே மண்ணைக் கவ்வவைத்த பம்பு. சாதாரணப் பம்பாக இருக்குமா? அதன் காற்று மேலே பட்டால் பில்லி சூனியம் அண்டாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பல் மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு, "உச்சந்தலையில ஒரே ஒரு மிதி மிதிச்சு விடும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் வருங்கால மருமகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய தகரத்தை எடுத்து, வண்டி பெயின்ட்டால் எழுதி, கடைக்கு முன்னால் மாட்டினாள்.

'இங்கே டயருக்கு மட்டும்தான் காற்று அடிக்கப்படும். மண்டையில் ஏற்கெனவே காற்று உள்ளவர்கள் இறக்கிவிட்டு வரவும்.'

வரிசையில் இரண்டாவதாக நின்றவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பயபக்தியோடு கேட்டார். "இறக்குறதுக்கு எவ்வளவும்மா ஆகும்?"

"இலவசம்" என்றாள் அவள். "என்ன, அத மட்டும் நான் செஞ்சு தர முடியாது. நீங்களேதான் உக்காந்து யோசிக்கணும்."

யோசிக்க வேண்டும் என்றதும் பாதி வரிசை கலைந்து போய்விட்டது. மீதிப் பாதி போகவில்லை. எனக்குக்கூட ஒரு நிமிஷம் ஊர்மேல் நம்பிக்கை வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அவர்களுக்கெல்லாம் நிஜமாகவே டயர் பஞ்சர்.